ஐந்து மணி நேரம்தான்

முப்பத்தெட்டு கிலோ குறைத்தவள் நான். யாரும் எனக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேன்டீன் நடத்துகிறேன். விடியுமுன் அடுப்பு மூட்டி, பகல் இரண்டுக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் தினமும் எட்டு கிலோமீட்டர் நடந்தேன். நாய் துரத்தினாலும் நடந்தேன், மழை கொட்டினாலும் நடந்தேன். இரண்டு வருஷத்தில் எடை போய்விட்டது. தோல்தான் போக மாட்டேன் என்றது.

வயிற்றுத் தோல் மடிந்து தொடை மேல் விழுந்தது. கையைத் தூக்கினால் அடியில் தொங்குவது ஆடியது. தொடை இரண்டும் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. எங்கள் ஊர் வெயிலுக்கு மடிப்புக்குள் வியர்வை தேங்கி எந்நேரமும் எரிச்சல். "இந்த வயசுல அழகுக்கு ஆபரேஷனாம்" என்று வாயைக் கோணிக்கொண்டவர்கள் அந்த எரிச்சலோடு அரை மணி நேரம் வடை சுட்டுப் பார்க்க வேண்டும். சரி, அழகுக்கும்தான். நாற்பத்து நான்கு வயதில் கை வெளியே தெரிகிற மாதிரி ஒரு ரவிக்கை போட எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?

வயிறு, கை, தொடை மூன்றையும் ஒரே தூக்கத்தில் முடித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறையை விட்டால் எனக்கு லீவு ஏது?

மார்ச் மாதம் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அறுவை செய்கிற டாக்டர் யுவனேஸ்வரன் என்னை நிற்க வைத்து, பேனாவால் கோடு போட்டுப் பார்த்தார். "மூணும் சேர்ந்தா ஒம்பது மணி நேரம் ஆவும்மா. மயக்கம் குடுக்குற டாக்டர் ஒத்துக்கணும்" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. உடம்பு என்னுடையது, இதில் இன்னொருத்தர் என்ன ஒத்துக்கொள்வது?

அந்த டாக்டர் பெயர் ஹமீதா. கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். என் கணவர் செல்வா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர். அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை.

"கால்ல ரத்தம் கட்டிக்கிட்டு மருந்து எடுத்திருக்கீங்களா அக்கா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். வந்தவொடன நெரப்பிக் குடுத்த பாரத்துலயே இல்லன்னு எழுதிட்டேன்லா."

"எத்தனை புள்ளைங்க?"

"ரெண்டு."

"பிரசவத்துக்கு அப்புறம் ஏதாச்சும் தொந்தரவு?"

"சின்னவனுக்கு அப்புறம் எடது காலு கொஞ்சம் வீங்கிச்சு. அது காத்து. மாமியா மலாய்க்கார மக்சிக் ஒருத்தவங்கள வரச் சொல்லி எண்ணெ போட்டு உருவி விட்டாங்க. அடங்கல. பெரியாஸ்பத்திரில சேத்து வயித்துல ஊசி போட்டாங்க. பத்தியம் முடிஞ்சும் ஊசி போட்டாங்க, மாத்திரையும் குடுத்தாங்க. அப்புறம் காத்து எறங்கிப் போச்சு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "வயித்துல, தொப்புளுக்குப் பக்கத்துலயா? தினமுமா?"

"ஆமா. ஏன்?"

"காத்துக்கு அந்த ஊசி போட மாட்டாங்க அக்கா. ஒங்க கால்ல ரத்தம் கட்டியிருக்கு. அதக் கரைக்கத்தான் ஊசி. எதுக்குன்னு அவங்க சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். நான் காதில் வாங்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்ற மாமியார், நாத்தனார், தோட்டத்து லயத்தில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் காத்து என்றார்கள். நானும் காத்து என்றேன். பதினெட்டு வருஷமாக அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கே வலித்தாலும் எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் காத்துதான்.

"மயக்கத்துல ஒடம்பு அசையாது. கால் சதை வேலை செய்யாது, ரத்தம் தேங்கும். தேங்குனா கட்டும். கட்டுனது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளு போயிரும். மணி ஏற ஏற ஆபத்தும் ஏறும். மத்தவங்களுக்கே ஆறு மணி நேரத்துக்கு மேலன்னா யோசிப்பேன். ஒங்களுக்கு அஞ்சு. அதுவும் கால ஸ்கேன் பண்ணி, ரத்த டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான்."

"எட்டு வச்சுக்கலாம்" என்றேன்.

"பசார்ல மீனா வாங்குறோம் அக்கா? அஞ்சுதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற எடம் இல்லையா எனக்கு!" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். செல்வா பின்னாலேயே ஓடி வந்தார்.

வேறு இடம் இருக்கத்தான் செய்தது. கோலாலம்பூரில் கடை வீட்டு மாடியில் ஓர் அழகு நிலையம். அங்கே விஷாலினி என்ற பெண் இரண்டு மாதமாக எனக்குப் படமும் குரல்பதிவும் அனுப்பிக்கொண்டிருந்தாள். காரில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"எல்லாமே ஒரே நாள்லதான் அக்கா. பத்து மணி நேரம்னாலும் நோ புரோப்ளம். தூங்கி எழுந்தா புது ஆளு!"

"கால்ல முன்ன ரத்தம் கட்டியிருக்கும்மா."

"அது பழசுதானே அக்கா. ஃபார்ம்ல போட வேணாம், சும்மா டிலே ஆவும்."

"சரி. டாக்டர் வெட்டிக்கிட்டு இருக்கப்ப என் மூச்ச யாரு பாப்பாங்க?"

"டாக்டர்தான் அக்கா. அவரே எல்லாம் பாத்துக்குவாரு."

போனை மடியில் வைத்தேன். என் கேன்டீனில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவளை நான் கல்லாப் பக்கம் திரும்ப விட மாட்டேன். வடைக்கே இரண்டு ஆள் போடுகிறேன். என் உயிருக்கு ஒரே ஆளா? அதுவும் கத்தியும் கையுமாக இருக்கிறவரா? ச்சீ, இவ்வளவு நாள் இவளிடமா கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"வீட்டுக்குப் போவோமா?" என்றார் செல்வா மெதுவாக. இந்த ஆபரேஷனே வேண்டாம் என்பது அவர் ஆசை. எனக்குத் தெரியாதா?

"எதுக்கு வீட்டுக்கு? எறங்குங்க" என்றேன்.

திரும்ப உள்ளே போய் ஹமீதா முன்னால் உட்கார்ந்தேன். "வயிறு, கை. தொடைய டிசம்பர் லீவுல வச்சுக்கறேன். அஞ்சுன்னா அஞ்சு. யாரு கேட்டாலும் ஒரு நிமிஷம் கூடக் குடுக்கக் கூடாது, நீங்கதான் பொறுப்பு."

"நீங்க கேட்டாலும்?"

"நான்தான் தூங்கிக்கிட்டு இருப்பேனே!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கால் ஸ்கேன், ரத்த டாக்டர், மூன்று விதமான பரிசோதனை என்று கிள்ளானுக்கு நாலு தரம் அலைந்தேன். நடையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

விடுமுறையின் முதல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு என்னைப் படுக்க வைத்தார்கள். காலில் இறுக்கமான நீளக் காலுறை. அதன் மேல் காற்றடித்து அமுக்கி அமுக்கி விடும் பட்டை. தலைமாட்டில் ஹமீதா நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் அது பொய்.

கண் விழித்தபோது வயிறு இறுகக் கட்டியிருந்தது. வலது கை தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. இடது கையைத் தடவினேன். கட்டு இல்லை. பழைய தோல் பழையபடி தொங்கியது.

"என்னாது இது! ஒரு கைய மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன். தொண்டை வறண்டு பாதிச் சத்தம்தான் வந்தது.

ஹமீதா குனிந்தாள். "வயித்துல நெனச்சதவிட ரத்தம் அதிகமா வந்துச்சு அக்கா. அத நிறுத்தவே ஒரு மணி நேரம் கூட ஆயிருச்சு. வலது கை முடியறப்ப நாலே முக்கால் மணி நேரம் ஓடிருச்சு. டாக்டர் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டாரு. நான் குடுக்கல."

"ஒரு கை மெலிசு, ஒரு கை தடிப்பு. நான் எப்படி ஸ்கூலுக்குப் போறது? புள்ளைங்க சிரிக்காதா? ஏம்மா, கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்னா?"

"ஒரு நிமிஷம் கூடாதுன்னு யாரு சொன்னது?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கட்டில் ஓரத்தில் செல்வா தேம்பிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் வாய் சிரித்தது.

"நீங்க ஏன் அழுவுறீங்க?"

"ஏசுறியே" என்றார். "ஏசு. நல்லா ஏசு. காலையிலேர்ந்து இந்தச் சத்தத்தக் கேக்கத்தான் வெளிய ஒக்காந்திருந்தேன்."

 

சாயங்காலம் நர்ஸ் வந்து, நடக்க முடியுமா என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாமே என்றார் செல்வா. நடக்க முடியுமா என்று என்னையா கேட்பது? கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். வயிறு கிழிகிற மாதிரி வலி. கூனிக்கொண்டே ஓரடி, இன்னோரடி. கழிவறைக் கதவு வரை பதினோரு அடி. எண்ணிக்கொண்டே போனேன். செல்வா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். தொங்கும் அந்தத் தோல் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"இந்தக் கை மட்டும் இப்படியே இருக்கட்டும்லா" என்றார் கெஞ்சுகிற குரலில். "இது போதும் குமுதா. எனக்குப் பயமா இருக்கு."

நின்று அவரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக லோரி ஓட்டிக் கருத்துப்போன முகம் ஒரே நாளில் சுருங்கிவிட்டிருந்தது. எனக்கும் பயம்தான் என்று சொன்னேன். அதை முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.

பிறகு, "டிசம்பர்ல இந்தக் கையும் தொடையும்" என்றேன். "எத்தன மணி நேரம்னு அந்தப் புள்ள சொல்லட்டும். இப்ப பிடிங்க, திரும்பி நடக்கணும்."