தொட்டிக்கு மேலே நின்றவன்

எனக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தவன் என் மைத்துனன்தான். நான் ஐம்பத்திரண்டு கிலோ. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே கால் உதறும். அப்படிப்பட்ட ஆளைத்தான் ஆலையில் தொட்டிக்கு மேலே காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இறங்குகிறவன் என் மனைவியின் தம்பி. அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை.

எங்கள் ஆலைக்குப் பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கொதிக்கிற உப்புத் தண்ணீர் வருகிறது. அதன் ஆவியில் கரண்ட் எடுத்துவிட்டு, பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்தைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் திரும்பப் பூமிக்குள்ளேயே அனுப்பிவிடுவோம். நடுவில் தண்ணீர் தங்குகிற தொட்டிகளில் கறுப்பாகப் பொருக்கு பிடிக்கும். அதில் வெள்ளி கலந்திருப்பதால் அதையும் விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, ஒருவன் இறங்கிச் சுரண்டி மூட்டை கட்ட வேண்டும்.

தண்ணீரோடு ஒரு விஷவாயுவும் வரும். அழுகிய முட்டை நாற்றம். எங்கள் வீட்டுத் தலையணையில்கூட அந்த நாற்றம்தான். லேசாக அடிக்கிற வரை யாரும் கண்டுகொள்வதில்லை. வாயு அளவுக்கு மீறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. அதற்குப் பிறகு சில மூச்சுகள்தான்.

அன்று காலை எல்லாம் முறைப்படிதான் செய்தேன். வாயு பார்க்கிற மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன், பச்சை எரிந்தது. காற்று ஊதுகிற குழாயை இறக்கினேன். மைத்துனனின் இடுப்பு வாரில் கொக்கியை மாட்டினேன். கொக்கியின் கயிறு என் பக்கத்தில் இருந்த விஞ்சில், கையால் சுற்றி ஆளைத் தூக்குகிற உருளையில், சுற்றியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, மூலையில பாளம் பாளமா நிக்குது. மின்னுது மாமா!"

"கயிறு எட்டுற வரைக்கும் சுரண்டு. மிச்சம் கிடக்கட்டும்."

"வெள்ளியைப் போய் கிடக்கட்டும்ங்கிறீங்களே! மேல நிக்கிறதுக்கே உங்களுக்கு வேர்க்குது. சும்மா இருங்க பயில்வான்."

கடப்பாறை இடிக்கிற சத்தம் கேட்டது. பெரிதாக ஏதோ பெயர்ந்து விழுந்தது. பிறகு அவன் சந்தோஷமாகச் சொன்னான்: "அப்பாடா, நாத்தம் நின்னுபோச்சு மாமா."

பெயர்ந்த பாளத்துக்குப் பின்னால் அடைந்திருந்த வாயு வெளியே வந்துவிட்டது. அவனும் என்னோடு ஆலையின் வாயுப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவன்தான். காலையிலிருந்து மூக்கைத் துளைத்த நாற்றம் விட்ட சுகத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கிறது.

"மேல வா! எல்லாத்தையும் போட்டுட்டு வா!"

கடப்பாறை விழுந்தது. அதன் பின்னால் இன்னொரு சத்தம், கனமாக. நான் விஞ்சைச் சுற்றினேன். கயிறு சிரமமே இல்லாமல் வந்தது. கொக்கி மட்டும் மேலே வந்து ஆடியது. மூலைக்கு எட்டவில்லை என்று கழற்றிவிட்டிருக்கிறான், படுபாவி. உள்ளே தொங்கிய மீட்டர் வீல் என்று கத்த ஆரம்பித்தது.

அபாய மணியை அழுத்தினேன். சிலிண்டர் மாட்டிய மீட்புக்காரர்கள் ஆலையின் அந்தக் கோடியிலிருந்து வர ஏழு நிமிடம் ஆகும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூலையில் அவனுடைய இரண்டு பூட்ஸும் தெரிந்தன. பன்னிரண்டு படி இறங்கினால் தொட்டுவிடலாம். என் வலது கால் ஏணியில் இருந்தது, எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. உடனே எடுத்துவிட்டேன். நீளக் கம்பால் காற்றுக் குழாயை அவன் பக்கம் தள்ளினேன். பாதி தூரம்தான் போனது; காற்று மட்டும் அவன் பக்கம் ஊதிக்கொண்டிருந்தது.

லேபில் தண்ணீர் சோதிக்கிற என் மனைவி, மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இறங்குங்க! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"இறங்கக் கூடாது."

"அப்ப தள்ளுங்க, நான் போறேன்."

அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். உதைத்தாள், திட்டினாள், என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. "என் தம்பி சாகுறான், பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினாள். நான் விடவில்லை. விதிமுறையை மதித்து நின்றதாக அப்புறம் அறிக்கையில் எழுதினார்கள். அதெல்லாம் இல்லை. பயந்துபோய் நின்றேன்.

மீட்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் தலைவர் முகமூடியை மாட்டிக்கொண்டே கேட்டார்: "உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒருத்தர்தான் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கினார். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்திருந்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். அவள் உதைப்பது நின்றது.

மைத்துனனை மேலே தூக்கியபோது முகம் சாம்பலாக இருந்தது. மூச்சு இருந்தது. கொஞ்சமாக, விட்டு விட்டு.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அவள் கேட்டாள்.

"ரெண்டாவது ஸ்ட்ரெச்சர் எதுக்கு?"

"சிலிண்டர் இல்லாம காப்பாத்த இறங்குறவங்களுக்கு. எப்பவும் அப்படித்தான் கொண்டுவருவாங்களாம்."

என் மணிக்கட்டில் போட்டிருந்த கட்டை அவள் பார்த்தாள். தொடவில்லை.

"உள்ள நான் கிடந்திருந்தா?"

இறங்கியிருப்பேன் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தி ஒரு பெண்ணையும் பெற்றவளிடம் அது செல்லாது.

"இறங்கியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. எழுந்து போய்விடுவாள், இனி என்னோடு பேசவே மாட்டாள் என்று பயந்தேன். தொட்டிக்கு மேலே நின்றபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

"பாப்பா ஸ்கூல் விட்டு வந்து தனியா உக்காந்திருப்பா" என்றாள் கடைசியில். "அவளுக்கு நம்மள்ல ஒருத்தராவது வேணும். நீங்க வீட்டுக்குப் போங்க."