உடைக்கச் சொன்ன பானைகள்

உடைப்பதற்கென்றே வாங்கிய பானைகள் அவை. வில்லியனூரில் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்து, வைக்கோல் சுற்றி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொண்டுவந்த ஐந்து புதுப் பானைகள். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், சிங்காரவேலு அதில் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. இறக்கி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார். சே, ஒரு பானையை உடைக்க என்ன பெரிய படிப்பா வேண்டும்? கையை விட்டால் தானாக உடைகிற சாமான். அந்தக் கைதான் விட மாட்டேன் என்றது.

உடைக்கச் சொன்னது ஸ்டெல்லா. புதுச்சேரியில் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்க்கிற பெண். பழங்காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், மண்ணுக்கடியில் கிடைப்பதை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி வரும். படம் போட்ட அட்டைகள், பிரஷ், சின்னக் கரண்டி, பழைய காசுகளின் நகல் எல்லாம் அதில் இருக்கும். பெட்டியில் அடங்காதது ஒன்றே ஒன்று, பொய்க்குழி. இடுப்பளவு பள்ளம் வெட்டி, பானைகளை உடைத்துப் போட்டு, மண்ணை அடுக்கடுக்காக மூடி, மேலே நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைக்க வேண்டும். வருகிறவர்கள் நிஜ அகழாய்வு மாதிரியே தோண்டிப் பழகுவார்கள். சிங்காரவேலு நிஜக் குழிகளிலேயே நாலு வருஷம் மண் அள்ளியவர். பாகூர் பக்கம் எங்கே நிகழ்ச்சி என்றாலும் ஸ்டெல்லா முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்த ஐந்தையும் ஐந்து நிமிஷத்தில் நொறுக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் புகழேந்தி இருந்தான். ஒரே பிள்ளை, இருபத்து மூன்று வயது. கடலூர் ரோட்டில் பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். கல்யாணமாகாத பையனுக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கிறார்கள்? பெற்றவரேதான் தலையை மழித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூன்று சுற்று வந்தார். சுற்றுக்கு ஒரு ஓட்டை, கத்தி முனையால். ஒவ்வொரு ஓட்டைக்கும் முதுகில் சில்லென்று தண்ணீர் இறங்கியது. மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பார்த்தால் போகிற உயிர் போகாமல் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். கல்லு மாதிரி நடந்தாருப்பா மனுஷன் என்று ஊரே மெச்சியது. மெச்சியது மனைவி தேவியின் காதுக்கும் போனது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்ற வயிறு என்றெல்லாம் அந்த வழக்கம் பார்ப்பதில்லை. தேவியைத் தெருமுனையோடு நாலு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள், வீட்டில் கூட்டம் வடிந்த பிறகு, அவள் புருஷனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம்புள்ளைய நெருப்புல வுட்டுட்டு வந்தியே, ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலியாயா நீ?"

அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் அவள் அதற்கு மேலும் தாங்குவாளா என்ற பயமும் இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி எட்டு மாதம் ஓடிப்போனது. அவள் சோறு வைப்பாள், அவர் சாப்பிடுவார். மோர் வேணுமா, கதவைச் சாத்து, இதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சே கிடையாது. புகழேந்தியின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. வாய்விட்டு ஒரு நாள் சேர்ந்து அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றாவது முறையும் கை வராமல் போகவே, பானைகளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டு, டிராக்டர் ஓட்டுகிற பாக்யராஜுக்குப் போன் போட்டார். எங்கேயாவது உடைந்த ஓடாகக் கிடந்தால் ஒரு மூட்டை அள்ளிவந்து போடு என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானமே மூட்டை வந்து இறங்கியது. குழியில் கொட்டும்போது சிங்காரவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டோடு ஓடு உரசுகிற சத்தத்தில் பல்லெல்லாம் கூசியது. மண்ணைத் தள்ளி மூடினார், நூலைக் கட்டினார், போதும்டா சாமி என்று வீட்டுக்குப் போனார். எங்கேயிருந்து எடுத்தே என்று பாக்யராஜை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். சுற்று வட்டாரத்துப் பள்ளி டீச்சர்கள், அங்கன்வாடிக்காரர்கள். பண்டசோழநல்லூரிலிருந்துகூட இரண்டு பேர். தேவியும் வந்திருந்தாள். அங்கன்வாடியில் சமையல் உதவி அவள். வரமாட்டேன் என்றவளை அங்கிருந்த டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். குழியோரம் புருஷன் நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி நாலாவது சதுரத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். அதில் மூன்று கேள்விகள். இது யாருடையது? எதற்குப் பயன்பட்டது? எப்படி உடைந்திருக்கும்? ஒரு ஓடு கையில் கிடைத்தால் இந்த மூன்றையும் அதைப் பார்த்துக் கேளுங்கள், பிள்ளைகளையும் கேட்க வையுங்கள் என்றாள். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். முதலில் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. முதல் ஓடு தலைகாட்டியதும் சத்தம் அடங்கியது.

தேவியின் சதுரத்தில் சிவப்பு ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் ஒரே பானையினுடையவை. அவள் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினாள், விளிம்போடு விளிம்பை வைத்துப் பார்த்தாள், பொருந்தாததைத் தள்ளிவைத்து வேறொன்றை எடுத்தாள். ஸ்டெல்லா கொடுத்த டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டினாள். சிங்காரவேலு தூர நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அடுப்பைக்கூட ஏனோதானோ என்று பற்றவைக்கிற பொம்பளை, இன்றைக்குத் தலை நிமிராமல் ஒரு காரியம் செய்கிறாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பானை முக்கால்வாசி எழுந்துவிட்டது. வாய்ப்பக்கம்தான் கொஞ்சம் மூளி. வயிற்றில் மூன்று ஓட்டைகள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மல்லிச் செடிக்குத் தண்ணீர் சொட்டவிடுகிற பானை என்றாள் ரஹீமா டீச்சர். கொழுக்கட்டை அவிக்க என்றாள் ஆரோக்கியசெல்வி. உன் வீட்டில் கொழுக்கட்டைக்குப் பக்கவாட்டிலா ஆவி வரும் என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் தேவியும் லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் சிங்காரவேலு கிட்டே வந்தார். வந்தவர் பானையைப் பார்த்தார். ஓட்டைகளை இன்னொரு தரம் எண்ணினார்.

அங்கிருந்தவர்களில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஸ்டெல்லாவும் ஆரோக்கியசெல்வியும் கிறிஸ்தவர்கள், ரஹீமா முஸ்லிம், அவர்களிடம் இந்தக் குடமே கிடையாது. மற்றவர்களை அந்த இடத்துக்கு யாரும் விட்டதே இல்லை. அவர் கட்டடத்துக்கு முன்பக்கம் போய் பாக்யராஜுக்குப் போன் போட்டார். ஆத்தோரமா சுடுகாட்டாண்ட கெடந்துதுண்ணே, சும்மா கெடக்கற ஓடுதான என்றான் அவன், வெகு சாதாரணமாக. அடப்பாவி. அதே சுடுகாடு. இந்த எட்டு மாதத்தில் அங்கே எத்தனையோ குடம் உடைந்திருக்கும், இது யாருடையதோ, யார் கண்டது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். மனசு கேட்டால்தானே.

திரும்பி வந்தவரை ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். நிஜக் குழியில் வேலை செய்தவர் நீங்கள், இது என்ன பானை, சொல்லுங்கள் அண்ணா என்றாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தேவியும் பார்த்தாள், மடியில் அந்தப் பானையோடு.

"தெரியலம்மா," என்றார்.

பெண்கள் கைகழுவிவிட்டு வகுப்பறைக்குச் சாப்பிடப் போனார்கள். தேவி போகவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் தேடி ஸ்டோர் ரூமுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு புதுப் பானை நிறையத் தண்ணீர். வேப்பமரத்தடியில் நின்றிருந்த புருஷனுக்கு எதிரே அதை இறக்கி வைத்தாள்.

"உள்ள அஞ்சு புதுப் பானை முழுசா கெடக்குது. ஏன் ஒடைக்கல?"

"முடியல தேவி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒட்டிவைத்த பானையைப் பார்த்தாள். அதைத் தூக்கி மரத்தடிக் கல்மேல் வைத்து, புதுப் பானையைச் சாய்த்து நிதானமாகத் தண்ணீரை ஊற்றினாள். மூன்று ஓட்டையிலிருந்தும் மூன்று கோடாகத் தண்ணீர் பாய்ந்தது. சிங்காரவேலுவின் முதுகு சிலிர்த்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குனிந்து, ஒரு கையால் ஒரு ஓட்டையையும் மறு கையால் இன்னொன்றையும் அடைத்தார். மூன்றாவது அவர் சட்டையை நனைத்தது.

"இதானா?" என்றாள் தேவி.

அவர் தலையாட்டினார். கையை எடுக்கவில்லை.

"திரும்பிப் பாத்தேன் தேவி. எல்லாரும் முன்னால போய்ட்டாங்க. நான் பாத்தேன். கொடம் ஒடஞ்சு கெடந்துது. மண்ணுல தண்ணிகூட வத்தல, அதுக்குள்ள பாத்துட்டேன். நான் பாத்ததாலதான் அவன் போவ முடியாம..."

முகத்தைத் துடைக்கக் கையை எடுத்தால் தண்ணீர் பாயும். துடைக்காமலே நின்றார்.

வகுப்பறையில் யாரோ எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தேவி புதுப் பானையைக் கீழே வைத்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து, அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். மண் ஒட்டிய ஆள்காட்டி விரலை நீட்டி மூன்றாவது ஓட்டையில் வைத்து அழுத்தினாள். பாய்வது நின்றது. டேப் ஒட்டிய இடங்களிலிருந்தெல்லாம் தண்ணீர் கசிந்து, இருவர் கைகளின் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.