சாட்டிக்குப் போகாத நாள்

தயாபரனின் குரல் திரும்பி வந்த காலையில் ஜெனீற்றா ஊர்காவற்றுறைக் கரையில் குந்தியிருந்து, புருசன் சில்வெஸ்ரரின் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து குரல்பதிவு வந்திருந்தது. சேறு பட்ட விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினாள்.

"ஜெனீற்றா, நான் தயாபரன். மடத்துவெளி தயாபரன். உங்கடை கோயில் பெருநாள் படத்திலை உம்மைக் கண்டனான். சுகமா இருக்கிறீரோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆரென்று கேட்டார்கள். "வெளிநாட்டுச் சொந்தம்" என்றாள். அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

சமாதான காலத்தில் இருவரும் யாழ்ப்பாணத்துக்குக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்வந்தார்கள். அப்போது அவளுடைய வீடு வேலணையில். அவனுடைய ஊரான புங்குடுதீவிலிருந்து வருகிற பஸ்ஸில் அவன் தன் பக்கத்து இருக்கையில் புத்தகப் பையை வைத்து, அவள் ஏறும்வரை இடம் பிடித்துக்கொண்டு வருவான். அவள் அந்தோனியார் கோயில் பிள்ளை. அவன் வீட்டுக்காரர் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் செலவு கொடுக்கிற உபயகாரர். மனதில் இருந்ததைப் பேசினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரிந்ததால் அதைப் பேசிக்கொள்ளவில்லை. திரும்பச் சண்டை தொடங்கியதும் அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் சில்வெஸ்ரரைக் கட்டி இங்கே வந்துவிட்டாள். மகள் நிலக்சனாவுக்கு இப்போது பதினான்கு வயது.

அவள் பதில் அனுப்பினாள். அவனும் அனுப்பினான். அவனுக்கும் மனைவி, பிள்ளைகள். கூடாத கதை ஒன்றும் கதைக்கவில்லை. இன்றைக்கு என்ன கறி, காற்று எப்படி, காலையில் எழும்பின உடனே என்ன நினைத்தீர் என்று கேட்பான். கடைசிக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. சில்வெஸ்ரர் நல்லவர், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் கடலில் எவ்வளவு கதைக்கலாமோ அவ்வளவுதான் வீட்டிலும் கதைப்பார்.

கலியாணம் கட்டி வந்த காலத்திலிருந்து ஜெனீற்றாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பின்னேரம் செபமாலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு, கோயிலில் பக்கத்துக் கதவோரம் கொஞ்சநேரம் தனியே இருப்பாள். கேட்பதற்கு ஒன்றும் இராது. அன்றைக்கு நடந்ததை, நடக்காததை, ஒருவரிடமும் சொல்லமுடியாததை ஆண்டவரிடம் மனதுக்குள் சொல்லுவாள். அந்த நேரத்துக்காகவே அவளுக்குப் பகல் முழுக்கப் பொறுக்க முடிந்தது.

இப்போது அங்கே இருந்தாலும் மடியில் கிடக்கும் போனில்தான் காது. தயாபரனுக்கு எதை எப்படிச் சொல்வது என்று மனம் வசனம் கட்டிக்கொண்டிருந்தது. நிலக்சனா ஒருநாள் செபமாலை முடிந்ததும், "அம்மா, நீங்கள் அருள்நிறைந்த மரியேயைப் பாதியிலை விட்டிட்டீங்கள்" என்றாள்.

ஒரு மத்தியானம் அவள் அவனிடம் தன் மூத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். உயிரில்லாமல் பிறந்த ஆண்பிள்ளை. அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது அடக்கிவிட்டார்கள். ஞானஸ்நானமும் இல்லை, பெயரும் இல்லை. அவள் தானே ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் ஆண்டவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். சில்வெஸ்ரரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அதைத் தயாபரனிடம் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தால் பதில் வந்தது. "ஐயோ பாவம். கவலைப்படாதையும் என்ன. நான் இரவு வேலையிலை நிக்கிறன், பேந்து கதைக்கிறன்." அதற்குப் பின்னால் பனி மூடிய தன் வீட்டு வாசலின் படம் ஒன்றும் அனுப்பியிருந்தான்.

அவன் பேரில் பிழை இல்லை. வேலையிடத்தில் நிற்கிற மனிதன் வேறென்ன சொல்வான்? ஆனால் அன்று பின்னேரம் கோயிலில் இருந்தபோது அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்கனவே வேறிடத்தில் சொல்லிவிட்டாள். களவுபோன வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஞாயிறன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். எதைப் பாவம் என்று சொல்வது எனத் தெரியாமல் திரும்பி வந்தாள்.

ஆனாலும் பதிவுகள் நிற்கவில்லை. ஆனியில் அவன் நயினாதீவுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தான். யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்துகொண்டு அவளுக்குப் போன் எடுத்தான்.

"நாளைக்கு மனுசியும் பிள்ளையளும் நயினாதீவுக்குப் போகினம். நான் பிந்தித்தான் போவன். சாட்டிக்கு வாறீரோ? கடற்கரையிலை இருந்து ஒரு மணித்தியாலம் கதைப்பம். வேறை ஒண்டுமில்லை."

அவளுக்குப் போகவேண்டும் போல இருந்தது. எந்தச் சேலை என்றுகூட மனம் அலுமாரிக்குள் போய்ப் பார்த்துவிட்டது.

"வரமாட்டன், தயாபரன்" என்றாள்.

"ஏன்? நான் பிழையா ஏதும் கேட்டனானோ?"

"இல்லை. நீர் ஒரு பிழையும் செய்யேல்லை. எனக்குள்ளை ஒரு இடம் இருந்தது. ஆண்டவரோடை மட்டும் இருக்கிற இடம். அதுக்குள்ளை உம்மைக் கொண்டுவந்து இருத்திப்போட்டன். இப்ப அங்கை செபிக்க ஏலாமல் கிடக்கு."

அவன் கோபமில்லாமல்தான் கேட்டான். "அந்த இடத்துக்குள்ளை உம்மடை மனுசனை விட்டனீரோ?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சரி, ஜெனீற்றா. நான் இனி எடுக்கமாட்டன். சந்தோசமா இரும்."

அவள் குசினிக்குள் போய், அடுப்பு மூட்டாமலே அதன் முன்னால் இருந்து அழுதாள். அடுத்தநாள் காலை, சொந்தக்காரரைப் பார்க்கவென்று, சாட்டிக்குப் பக்கத்து வேலணைக்குப் போயிருக்கலாம். பஸ்ஸும் இருந்தது. அவள் வலைக்குள் குனிந்தபடியே இருந்தாள். இப்போது சாட்டியில் நிற்பான், இப்போது திரும்பிப் பார்ப்பான், இப்போது நயினாதீவுப் படகு ஏறக் குறிகட்டுவானுக்குப் போயிருப்பான் என்று மனம் அவனுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறும்வரை அதைத் தடுக்க அவளால் முடியவில்லை.

பின்னேரம் கோயிலில் வழமையான இடத்தில் இருந்தாள். செபம் ஒன்றும் வரவில்லை. அடுத்தநாளும் அப்படித்தான். கிழமைகள் அப்படியே போயின. ஆனாலும் போனாள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் கேட்ட கேள்விதான் அவளை விடவில்லை. ஒரு சனிக்கிழமை, முற்றத்தில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்த சில்வெஸ்ரருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"மூத்தவனுக்கு நான் ஒரு பேர் வைச்சனான்" என்றாள். "மனுவேல். உங்களுக்குச் சொல்லேல்லை. இடையிலை வேறை ஒராளிட்டைச் சொல்லிப்போட்டன். சொல்லியிருக்கக் கூடாது. உங்களிட்டைத்தான் முதல் சொல்லியிருக்கோணும்."

சில்வெஸ்ரர் தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்த ஊசி மட்டும் நின்றது. அந்த வேறு ஆள் ஆர் என்று அவர் கேட்பார் என நினைத்து, எல்லாவற்றையும் சொல்ல அவள் ஆயத்தமாக இருந்தாள்.

"கொஞ்சக் காலமா நீர் இஞ்சை இல்லை எண்டு தெரியும்" என்றார் அவர். "திரும்பி வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, வாயில் வைத்துப் பார்ப்பதுபோல, "மனுவேல்" என்றார். "நான் அவனைத் தம்பி எண்டுதான் சொல்லுறனான்."

"ஆருக்கு?"

"அவனுக்குத்தான். தொழிலுக்குப் போகாத நாளிலை சேமக்காலைக்குப் போறனான். நான்தானே கொண்டுபோய்த் தாட்டனான்." அவர் எழும்பி வேட்டியை உதறிக் கட்டினார். "வாரும். இடத்தைக் காட்டுறன்."

கல்லறைகளுக்கு அப்பால் மதிலோரம், பூவரசுக்குக் கீழே, சிலுவை இல்லாத ஒரு சின்ன மேடு. நாலு மூலையிலும் வெள்ளைச் சிப்பிகளைப் பதித்திருந்தார். ஒன்று புதியது. இருவரும் முழந்தாளில் நின்றார்கள். இத்தனை வருசமாக இந்த மனிதர் தனக்குள் எதைக் காத்து வைத்திருந்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய கை அவள் தோளில் இருந்தது.

தயாபரன் மேலிருந்த ஏக்கம் அவளை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகும்போது சாட்டிக்குத் திரும்புகிற இடத்தில் இப்போதும் நெஞ்சு ஒருமுறை இழுக்கும். கோயிலில் கதவோரம் இருக்கையில் அதை ஒளிக்காமல் சொல்லுவாள். ஆண்டவரே, எனக்குத் தயாபரனைக் காணவேண்டும் போலக் கிடக்கு, இதையும் நீரே வைத்திரும் என்பாள். சில நாள் பதில்போல ஒரு அமைதி வரும். சில நாள் கடற்காற்று மட்டும் கதவில் அடிக்கும். அமைதி வராத நாட்களில் அவள் இன்னும் கொஞ்சநேரம் கூட இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.