கதவு திறக்கும் காட்சி

றஞ்சிதத்தின் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவள் ஓடித்தான் போவாள். மீன்காரன் தட்டினாலும் ஓட்டம், கரண்ட் பில் கொண்டுவருகிற பொடியன் தட்டினாலும் ஓட்டம். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். அவளுடைய ஒரே மகன் சிறில் சண்டைக் காலத்தில் முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருசமாகியும் அந்தத் தாய் கதவுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் தோட்டவெளி ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தபடியால் நாங்கள் யாரும் தட்டுவதில்லை. நானும் வேலிப் படலையில் நின்றே "நான்தான், எடித் வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவேன். சும்மா ஓடவைத்து அந்த முகம் வாடுவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

அப்படிப்பட்டவளைத்தான் சனூன் தன்னுடைய படத்தில் நடிக்கக் கேட்டான்.

சனூன் எங்கள் ஊர்ச் சரீபாவின் மகன். தொண்ணூறில் முஸ்லிம் சனமெல்லாம் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது கைக்குழந்தை. புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, மன்னார் டவுனில் கலியாண வீடியோ எடுக்கிறான். இப்போது யூரியூப்பில் போட ஒரு திகில் படம் எடுக்க வேண்டுமாம். றஞ்சிதத்தின் வீட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. குசினி அடுப்படியிலிருந்து முன்கதவு வரைக்கும் நேராக ஒரே நீட்டு விறாந்தை. கதவும் பழைய பாலை மரக் கதவு.

"கதை என்ன தம்பி?" என்று றஞ்சிதம் கேட்டாள்.

"ஒரு பொம்பிளை ராத்திரி வீட்டிலை தனிய இருக்கிறா அன்ரி. ஆரோ கதவைத் தட்டுறான். அவ போய்த் திறக்கிறா. படம் தொடங்குறதே அதிலைதான். அந்த முதல் மூண்டு நிமிசமும் சனம் மூச்சு விடக்கூடாது."

"பிறகு?"

"பிறகு நீங்கள் செத்துப்போவியள்."

"அது பரவாயில்லை. என்ரை முகம் வடிவாத் தெரியுமோ?"

"தெரியும். கிட்ட வைச்சு எடுப்பன்."

"வெளிநாட்டிலையும் பாக்கலாமோ?"

"போன் இருக்கிற எவனும் எங்கையிருந்தும் பாக்கலாம் அன்ரி."

அதோடு சம்மதித்துவிட்டாள். ஏனென்று எனக்குத்தான் சொன்னாள். "எந்த மறியலிலை, எந்தச் சிறையிலை கிடந்தாலும், ஆரும் ஒருத்தன்ரை போனிலை என்ரை முகத்தைக் காணமாட்டானோ எடித்தக்கா? அம்மா இன்னும் அதே வீட்டிலைதான் இருக்கிறா எண்டு தெரிஞ்சால் வந்திடுவான்."

"ஓம், காணுவான்" என்றேன். வேறென்ன சொல்ல?

படம் பிடித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே தீ வெயில். சனூன் யன்னலெல்லாம் கறுப்புப் பொலித்தீன் ஒட்டி வீட்டை ராத்திரியாக்கிவிட்டான். சத்தம் பதிய வேண்டுமென்று காற்றாடியையும் நிற்பாட்டச் சொல்லிவிட்டான். நான் மூலையில் ஒரு கதிரையில் வாயை மூடிக்கொண்டு வேர்த்து வழிந்தேன்.

"பாட்டு ஒண்டும் போடமாட்டியோ தம்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லை. குழாயிலை தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்தான். சத்தம் குறையக் குறையத்தான் பயம் கூடும்."

முதலில் வெளியே, கதவடிக்கும் பொலித்தீன் மறைப்புக் கட்டி இருட்டாக்கி எடுத்தார்கள். தட்டுகிறவனாக நடித்தது யாகப்பர், மீன் லொறி ஓட்டுகிறவர். கமராப் பொடியன் தோமஸ் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவருடைய செருப்பு நடந்து வருவதை எடுத்தான். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்த கத்தி. பிறகு தட்டுவதற்கு உயர்ந்த கை.

"நேற்றுப் பாரை மீன் வெட்டின கத்தி தம்பி. மணத்திலையே றஞ்சிதம் ஆளைப் பிடிச்சுப்போடும்" என்றார் யாகப்பர்.

றஞ்சிதம் இது ஒன்றையும் காணவில்லை. அவளைக் குசினியிலேயே இருக்கச் சொல்லியிருந்தான் சனூன். அவளுக்குத் தெரியக்கூடாதாம்.

பிறகு உள்ளே எடுக்கத் தொடங்கினார்கள். யாகப்பர் தட்டினார். றஞ்சிதம் ஓடினாள். தோமஸால் கமராவைத் திருப்பவே முடியவில்லை. படத்தில் அவளுடைய சீலைத் தலைப்பு மட்டும்தான் விழுந்ததாம்.

"கட்! அன்ரி, மெதுவா."

"ஓம் தம்பி" என்று திரும்பிப் போனாள். திரும்பவும் தட்டினார். திரும்பவும் ஓட்டம். அடுத்த முறை வெளியே ஒழுங்கையில் ஒரு கழுதை கத்திக் கெடுத்தது. அதற்கடுத்த முறையும் ஓட்டம்தான்.

வெளியே இருந்து யாகப்பர் கத்தினார்: "ரெண்டாந்தரம் தட்ட முன்னம் திறந்துபோடுறா! நான் கொலைசெய்ய வந்தனானோ, கலியாணம் சொல்ல வந்தனானோ?"

சனூனுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏன் அன்ரி ஓடுறியள்? நீங்கள் தனிய இருக்கிறியள். பயப்பிட வேணும். நிண்டு, காது குடுத்து, ஒவ்வொரு அடியா வரவேணும்."

"கதவைத் தட்டுறதுக்கு என்னத்துக்குப் பயப்பிடுறது?"

"ஆரெண்டு தெரியாதெல்லோ!"

"தெரியாதபடியால்தானே தம்பி ஓடுறது."

சனூன் தலையைச் சொறிந்தான். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் லப்டொப்புக்கு முன்னால் இருத்தினான். வெளியே எடுத்ததையும் உள்ளே எடுத்ததையும் ஒட்டி வைத்திருந்தான். நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். குழாய் சொட்டுகிறது. செருப்பு வருகிறது. முதுகுக்குப் பின்னால் கத்தி. கை உயர்கிறது. உடனே உள்ளே, குசினி வாசலில் றஞ்சிதம். தட்டுகிற சத்தத்துக்கு அவள் முகம் நிமிர்ந்ததே, அந்த முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. வாய் கொஞ்சம் திறந்து, கண் முழுக்க வெளிச்சம். நாங்கள் எப்படிக் காண்பது? கதவு திறந்து எங்களைக் கண்டதும் அது போய்விடுமே.

"விளங்குதோ அன்ரி?" என்றான் சனூன். "திடீரெண்டு கத்தியைக் காட்டினால் சனம் ஒருக்காத் திடுக்கிடும், அதோடை முடிஞ்சுது. ஆனால் வெளியிலை நிக்கிறது ஆரெண்டு முதலே காட்டிப்போட்டால், நீங்கள் கதவடிக்கு வருமட்டும் பாக்கிறவைக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருக்கும்."

"அப்ப, பாக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"ஓம்."

"அது அவன் இல்லையெண்டு."

"எவன் அன்ரி?"

அவள் திரையையே பார்த்தாள். "எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள்.

"ஓம், ஓம்! அதிலைதான் எல்லாம் இருக்குது."

றஞ்சிதம் கதிரையில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினாள். "எடித்தக்கா, உங்களுக்கும் தெரியுமோ?"

படத்தைத்தானே கேட்கிறாய் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். எதற்கும் ஒரு கதை சொல்லுகிற வாய் எனக்கு. அன்றைக்கோ யன்னலில் ஒட்டியிருந்த கறுப்புப் பொலித்தீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனாள்.

யாகப்பர் தட்டினார்.

றஞ்சிதம் வாசலில் வந்து நின்றாள். சீலையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். கதவுக் கொண்டியில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே நிற்பது யாகப்பர்தான் என்று தெரிந்திருந்தும் எனக்கு நெஞ்சு அடித்தது. அவள் திறந்து பார்த்த பார்வையில் யாகப்பர் கத்தியை எடுக்க மறந்துபோனார்.

"சுப்பர் அன்ரி!" என்று சனூன் துள்ளினான்.

தோமஸ் மட்டும் அவள் ஓடினதையும் நடந்ததையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மச்சான், ஓடுறதுதான் சரி. மெதுவா வந்தால் அவவுக்கும் ஏதோ தெரியும் போலை கிடக்கு. இப்பிடிச் சந்தோசமா ஓடுறவவைப் பாக்கத்தான், 'ஐயோ போகாதேங்கோ' எண்டு கத்த வருது."

சனூன் குனிந்து திரும்பவும் பார்த்தான். ஓடினதில் ஒன்றும் உதவாது. முகம் தெரிகிற கணத்துக்குப் பிறகு எல்லாம் கலங்கல். கமராவைக் கதவடியில், அவள் ஓடி வருவதற்கு நேர் எதிரே வைக்கச் சொன்னான்.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. முதல் ஓடின மாதிரி ஒருக்கா ஓடுவியளோ?"

"அதுக்கென்ன தம்பி."

தட்டினார். அவள் வந்தாள், நடந்துதான்.

"ஓடுங்கோ அன்ரி!"

"ஓடினனான்தானே?"

"இல்லை, நடந்தனீங்கள்."

அவளுக்கே அது புதினமாக இருந்தது போல. திரும்பிப் போனாள். அடுத்த முறை சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழைத் தண்ணீரைக் கடக்கிறவள் மாதிரிக் காலை எட்டி எட்டி வைத்து வந்தாள். கால் ஓடியது. அந்த முகம் வரவில்லை. தோமஸ் கமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான்.

"போதும் விடு தம்பி" என்றேன் நான்.

"ஒருக்கா, கடைசியா ஒருக்கா" என்றான் சனூன். அவனைக் குற்றம் சொல்லி என்ன? கையில் வந்த பொருளைத் தவறவிட்டவன் அப்படித்தான் துடிப்பான். பொலித்தீன் சூட்டில் இளகி ஒரு மூலை விட்டு, வெயில் உள்ளே நீட்டாக விழுந்திருந்தது. அதைத் திரும்ப ஒட்டிவிட்டு, கையைக் காட்டினான்.

யாகப்பர் தட்டினார். குசினியில் கதிரை அசைகிற சத்தம்கூட இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

"கொண்டி போடேல்லை யாகப்பர் அண்ணை" என்று றஞ்சிதத்தின் குரல் கேட்டது. "தள்ளிக்கொண்டு வாங்கோ."

யாகப்பர் கதவைத் தள்ளிக்கொண்டு கத்தியோடு உள்ளே வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் விறாந்தை நடுவில் நின்றார்.