சந்தேகத்துக்குக் கோட் இல்லை

ஆமை கடித்தால் அதற்கொரு கோட் உண்டு. கிளி கொத்தினால் அதற்கு வேறு கோட். மனிதனுக்கு வரக்கூடிய அத்தனை கோளாறுக்கும் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக ஒன்று இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அவள் கோடர். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்குரிய கோடைப் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவது அவள் வேலை. கோட் பொருந்தினால் ஆபரேஷனுக்கு அனுமதி வரும். பொருந்தாவிட்டால் நோயாளி தலைகீழாக நின்றாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம். வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளிக்கு டாக்டர் 'இந்த நோயாக இருக்கலாம்' என்று எழுதினால், அதைக் கோடர் கண்டுகொள்ளக் கூடாது. உறுதியானதற்கு மட்டும்தான் கோட். சந்தேகத்துக்குக் கிடையாது. இந்தச் சட்டத்தை அவள் அளவுக்குக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. டாக்டர்களையே போனில் கூப்பிட்டு, "சார், இருக்கலாம்னு எழுதாதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று கண்டிப்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். இப்படியே பழகிப்போன வாய்தான் கடைசியில் அவள் குடியைக் கெடுத்தது.

அவளுக்கு இருப்பது ஒரே அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தங்கையைப் படிக்க வைத்தது அந்த வேன்தான். வெயிலும் தூசியும் நேரே முகத்தில் அடிக்க ஓட்டி ஓட்டி, இடது கண்ணின் வெள்ளையில் மூக்கோரமாக ஒரு சதை வளர்ந்திருந்தது. வேனில் வரும் பிள்ளைகள் பயந்தால், "இது எக்ஸ்ட்ரா கண்ணு, பின்னாடி சேட்டை பண்றவங்களை மட்டும் பார்க்கும்" என்பாள். சதை சிவந்து தடித்த பிறகுதான் தங்கை அவளை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள்.

டாக்டர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். அதற்குள் ஆம்புலன்ஸ் வழியில் வேன் நிற்கிறது என்று வாட்ச்மேன் வந்து கத்த, அக்கா சாவியோடு ஓடினாள். தங்கை மட்டும் அறையில் இருந்தாள். டாக்டர் தட்டச்சு செய்துகொண்டே, சதையின் விளிம்பு தனக்குப் பிடிக்கவில்லை என்றும், புற்றாக இருக்கலாம் என்றும், வெட்டிச் சோதித்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். அதையே எழுதவும் செய்தார்.

"இருக்கலாம்னு எழுதாதீங்க சார். அதுக்குக் கோட் இல்ல."

தன்னையறியாமல் வந்த வார்த்தை. வெளியே கூட்டம் நெருக்குகிறது, டாக்டருக்கும் அலுப்பு. "உங்க ராஜ்யம்மா" என்று சொல்லி அந்த வரியை அழித்துவிட்டார். 'சதை வளர்ச்சி, அகற்ற வேண்டும்' என்பது மட்டும் நின்றது. அப்போது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. திரையில் இல்லாதது கண்ணிலும் இருக்காது என்று, படித்தவள், அந்த நிமிஷம் நம்பினாள்.

சொந்தக்காரர் கேஸைத் தொடக்கூடாது என்பதால் பக்கத்து மேஜைக்காரன் கோட் போட்டு அனுப்பினான். சாதாரண சதைக்கான கோட். பதில் வந்தது: அழகுக்காகச் செய்யும் அறுவை, அனுமதி இல்லை.

மறுபடி காட்டியபோது டாக்டர் முகம் மாறிவிட்டது. சதை கருவிழியின் விளிம்பைத் தொட்டிருந்தது. இந்த வாரமே எடுத்தாக வேண்டும், உள்ளே இறங்கிவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரும் என்றார் அவர். இந்தத் தடவை சந்தேகத்தை விரிவாகவே எழுதினார். எழுதி என்ன? மறுத்த பிறகு சேர்த்த வரி என்று இன்ஷூரன்ஸில் முகம் சுளித்தார்கள். மறுபரிசீலனைக்குப் போகட்டும், சில வாரம் ஆகும் என்றார்கள். வெட்டினால்தான் நோய் தெரியும். நோய் தெரிந்தால்தான் கோட். கோட் இருந்தால்தான் வெட்டலாம். கைக்காசில் செய்துகொள்ள வீட்டை விற்கலாம் என்றால் அது வாடகை வீடு.

அவள் தலைமைக் கோடரிடம் போனாள். கோடில் புள்ளி இடம் மாறினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் எல்லோருக்கும் அவர் 'புள்ளி சார்'. அழுதாள், கெஞ்சினாள். மனுஷனுக்குக் கண் கலங்கியது, ஆனால் கை அசையவில்லை. அவளே அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டத்தை அவளுக்கே திருப்பிச் சொன்னார்.

மேஜைக்குத் திரும்பி வந்து அக்காவின் கேஸைத் திறந்தாள். சாதாரண சதையின் கோடை அழித்துவிட்டு, உறுதியான புற்றுக்குரிய கோடை அடித்தாள். அது அவசர வரிசையில் போகும், அன்றைக்கே பதில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது புள்ளி சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"புற்றுன்னு போட்ட ஒவ்வொரு கேஸையும் லேப் ரிப்போர்ட்டோட நான் ஒத்துப் பார்க்கணும்," என்றார் மெதுவாக. "பொருந்தலைன்னா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாதும்மா."

"பொருந்தக் கூடாது சார்," என்றாள் அவள்.

சாயங்காலமே அனுமதி வந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் எழுதியதைத் தன் வாய் அழிக்க வைத்ததையும், தன் விரல் பொய் எழுதியதையும். அக்கா திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா யோசித்தாள். "அப்போ ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா உன் வேலை போயிடும்."

"ஆமாக்கா."

"போகட்டும்டி. வேன்ல ஆயா வேலை காலியாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்ககிட்ட இருக்கலாம், இருக்கக் கூடாதுன்னு சட்டம் பேசினே, இறக்கி விட்டுடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தங்கை தூங்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகாது.

ஆபரேஷன் முடிந்தது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அவள் செய்யாத வேண்டுதல் இல்லை. இத்தனை வருஷம் போட்ட கோடெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று உயிரை விட்டவள், இந்த ஒன்று தப்பாகட்டும், என்னைப் பொய்க்காரி என்று எழுதி வாசலில் ஒட்டட்டும் என்று மன்றாடினாள். மேஜையில் இருந்த தன் டம்ளரையும் அடியில் கிடந்த செருப்பையும் குடையையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தாள். பை கட்டியாயிற்று, இனிமேல் வேலை போய்த்தான் ஆக வேண்டும் என்பது போல ஒரு கிறுக்குத்தனம்.

கட்டைப் பிரிக்க அக்கா வந்திருந்த அன்று புள்ளி சார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பையையும் எடுத்துக்கொண்டே போனாள். மேஜையில் லேப் ரிப்போர்ட் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"பொருந்துதும்மா," என்றார். "கோட் சரி. உன் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டேன்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். சிகிச்சை இருக்கிறது, டாக்டர் கூப்பிடுவார் என்றெல்லாம். அவள் காதில் எதுவும் நிற்கவில்லை. கால் போன போக்கில் நடந்து நோயாளிகள் உட்காரும் கூடத்துக்கு வந்தாள்.

அக்கா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கட்டு. மற்ற கண்ணால் தங்கையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கையில் பை இருப்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"என்னடி, வேலை போச்சா?"

அவ்வளவு ஆசையாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். பொய் சொல்லிவிடலாமா என்று தங்கை ஒரு கணம் நினைத்தாள். பொய்யும் வாயில் வரவில்லை.

"போகலக்கா."

அக்காவின் சிரிப்பு உடனே அணையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். உட்கார்ந்தவளின் கையிலிருந்து பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதைத் திரும்பக் கொண்டு போய் வை," என்றாள். "வேலையை விட்டுடாதடி. இனிமே ரெண்டு பேருக்கும் சோறு போட அது ஒண்ணுதான்."