திரும்பி வந்த விதி

ஒரு கம்பெனியின் நன்னடத்தை விதிகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். லஞ்சம் வாங்கினால் வேலை போகும் என்பது ஒரு விதி. அந்தக் கம்பெனி மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, சப்ளையர் ஒருவர் கொடுத்த தங்க வாட்ச்சைக் காட்டிப் பெருமையடித்தார். பிறகு விதியைப் படித்து முகம் சுளித்தார்.

"லஞ்சம்னு பச்சையா போடாதீங்கம்மா. அன்பளிப்புன்னு போடுங்க, கௌரவமா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே மாற்றினேன். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்தைத் திரும்பப் பிரெஞ்சில் எழுதுவார். சரிபார்க்க அந்தந்தக் கம்பெனி முதலாளிக்குப் போவது அதுதான். பக்கத்து அறையிலிருக்கும் என் நாத்தனாரின் வேலை அது.

அவள் எழுதி எடுத்துவந்து, தமிழில் உரக்கப் படித்துக்காட்டினாள்.

"அன்பளிப்பு வாங்குகிறவர் உடனே வேலைநீக்கம் செய்யப்படுவார். ரொம்பக் கறாரான கம்பெனி, அண்ணி!"

மேனேஜர் சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடினார்.

"பழைய வார்த்தையே இருக்கட்டும்மா."

"எது சார்?"

"அதான்..." என்று முனகினார்.

"காதுல விழல சார்."

"லஞ்சம்! லஞ்சம்னே போடுங்க!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.