என்னைக் கேட்காமல் விழாது

தையல்காரியின் வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் ஒரு திங்கட்கிழமை காலையில் விழத் தொடங்கியது. விழுந்து முடிக்க ஏழு வருடம் பிடித்தது. வேர் ஒரு பக்கமாக மண்ணோடு கிளம்பி, நடைபாதைக் கற்களைப் புரட்டிக்கொண்டு சடசடவென்று சாய்ந்த மரம், ஓட்டுக்கூரைக்கு ஓராள் உயரம் மிச்சமிருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது. எதன் மேலும் சாயவில்லை, எந்த மின்கம்பியும் அதைத் தாங்கவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஓடி ஒதுங்கினார்கள், மிச்சமும் விழட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று அவரவர் வழியில் போனார்கள். தையல்காரி ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "அக்காவைக் கூப்பிடுங்க. அவளைக் கேக்காம விழாதுன்னு சொல்லியிருக்கா," என்றாள்.

அக்கா என்றால் அவள் கூடப்பிறந்த கொட்டாப்புளியக்கா. தச்சர்கள் உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி ஒன்று எப்போதும் அவள் கையில் இருப்பதால் அந்தப் பெயர். அவளும் அவள் கணவரும் சேர்ந்து மர வைத்தியம் நடத்தினார்கள். கயிறு கட்டி மேலே ஏறி அறுப்பது அவர் வேலை, ஆகவே அவர் கயிற்றுக்காரர். எதை அறுப்பது, எதை விடுவது என்பது அவள் பொறுப்பு. மரத்தைச் சுற்றி வருவாள். அடியில் காளான் பூத்திருக்கிறதா, பட்டை எங்கேயாவது உப்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு இடுப்பளவிலிருந்து கை எட்டும் உயரம்வரை தட்டிக்கொண்டே வருவாள். கெட்டி மரம் டக் என்னும், உளுத்த மரம் டொம் என்னும். டொம் என்றாலும் உடனே ரம்பத்தை எடுக்கச் சொல்ல மாட்டாள். உள்ளே பொந்து விழுந்திருந்தாலும் சுற்றுச்சுவர் கனமாக இருந்தால் மரம் நம்மைவிட அதிக நாள் நிற்கும், வெட்ட எவனுக்கும் தெரியும், விட்டுவைக்கத்தான் ஆள் வேண்டும் என்பாள். அவள் நிற்கும் என்று சொன்ன எதுவும் அதுவரை விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தத் தொழிலில் முதல் பாடம், மழை விட்டு ஒரு வாரம்வரை எந்த மரத்தையும் தட்டக் கூடாது என்பது. பொந்துக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் உளுத்த மரமும் கெட்டி மரம்போலவே டக் என்று சொல்லி ஏமாற்றிவிடும். யானைக்கும் அடி சறுக்கும். மரம் சாய்வதற்குச் சில வாரங்களுக்கு முன், அடைமழை விட்ட மறுநாளே, வேறொரு வேலையிலிருந்து திரும்பும் வழியில், கால் சேற்றைக்கூடக் கழுவாமல் அவள் தங்கை வீட்டு மரத்தைத் தட்டினாள். தங்கைதான் பலமுறை ஆள்விட்டிருந்தாள். "அக்கா, அடியில காளான் முளைச்சிருக்கு. நல்லாப் பாரு," என்று காட்டவும் செய்தாள். அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆட்கள் பார்க்கும்போது தங்கச்சி தனக்குப் பாடம் சொல்வதாவது என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. "காளானுக்குப் பயந்தா வாசல்ல மரமே வைக்க முடியாதுடி. என்னைக் கேக்காம இது விழாது, போ," என்று சொல்லி, கொட்டாப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த வீட்டில் மரம் அவள் வாயால் நின்றது.

சாய்ந்த அன்று அவள் வந்து சேர்ந்தபோது, அடிமரத்துப் பொந்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை கொட்டியது. சாக்கடை நிறைந்து தெருவே காடி நாற்றம் அடித்தது. அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று கொட்டாப்புளியக்காவுக்குத் தெரிந்தது. கயிற்றுக்காரருக்கும் தெரிந்தது. விளக்குமாறும் கையுமாக வாசலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த தங்கைக்கும் தெரிந்தது. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள், ஏதோ சொல்வாள் என்று காத்திருந்தாள். அக்கா மரத்தைப் பார்த்தபடி, "முட்டுக் கொடுக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

இரும்புத் தூண்கள் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்கள். தூண்களுக்கும் மரத்துக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி அப்படியே இருந்தது. மரம் அவற்றைச் சட்டை செய்யவில்லை. சரி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இறக்கிவிடலாம் என்று கயிற்றுக்காரர் ஏறினார். தொடை கனமுள்ள ஒரு கிளையைக் கயிற்றில் கட்டி, அடியில் அறுத்தார். ரம்பம் மறுபக்கம் வந்துவிட்டது, மரத்தூள் கொட்டியது, கிளை மட்டும் இருந்த இடத்திலேயே இலையும் கொப்புமாக நின்றது. கயிற்றை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இறங்கி வந்து ஒரு டீ குடித்துவிட்டு, "இது நம்ம வேலை இல்லை. உன் வேலை," என்றார். அதோடு அந்த மரத்தில் கை வைக்கவில்லை. நகராட்சியில் நின்ற மரங்களுக்கு ஒரு பிரிவு, விழுந்த மரங்களுக்கு ஒரு பிரிவு. இது எந்தப் பிரிவு என்று முடிவாகாததால் இரு பிரிவினரும் வரவில்லை.

தங்கையின் கணவர் அன்றைக்கே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். உயிர்மேல் அவருக்கு இருந்த ஆசையை யாரும் குறை சொல்லவில்லை. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் எதிர்ச்சாரிக்கு வந்து உட்கார்வார், தையல்காரி தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளை வெளியே வரச் சொல்லாதவர் கிடையாது. அவள் தையல் மெஷினை இம்மியும் நகர்த்தவில்லை. "அக்கா சொல்லாம விழாது. அவ வாய் தவறிச் சொல்றவ இல்லை," என்பாள். கேட்பவர்களுக்கு அது தங்கையின் பாசமாகத் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் அது கழுத்துச் சுருக்காகத் தெரிந்தது.

முதல் மாதத்தில் ஒரு நாள், தன் வீட்டுப் பட்டறையில், பெட்ரோல் வாடைக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் அவள் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு ஈரத்தோட தட்டியிருக்கக் கூடாது. தப்பு..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நாலு தெரு தள்ளி ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. இருவரும் செருப்பில்லாமல் ஓடினார்கள். மரம் ஓராள் உயரமும் இறங்கி, கூரையைத் தொட்டு, பக்கவாட்டு ஓடுகளை உடைத்திருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், தங்கை தலையில் தூசியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னே?" என்று கேட்டாள். அக்கா, "ஒண்ணுமில்லையே," என்றாள்.

அதிலிருந்து விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. தான் சொன்னது சரி என்று அவள் நிற்கும்வரைதான் மரமும் நிற்கும். தப்பு என்று ஒப்புக்கொண்டால், பிடித்திருப்பது எதுவோ அது விட்டுவிடும். முதலில் தங்கையை வெளியே கொண்டுவந்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று பார்த்தாள். தங்கையோ, "மழை ஈரத்துல தட்டினியா இல்லையா? அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு, அடுத்த நிமிஷம் வர்றேன்," என்றாள். "வெளிய வா, சொல்றேன்." "சொல்லு, வர்றேன்." பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். இப்படியே வருடங்கள் போயின.

அந்த வருடங்களில் கொட்டாப்புளியக்காவின் தொழில் ஓஹோவென்று நடந்தது. விழுகிற மரத்தையே பாதியில் நிறுத்தியவள் என்று தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பட்டுப்போன மரங்களையும் காட்டி, நிற்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினார்கள். அவள் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னாள். விட்டுவைக்கத் தெரிந்தவள் என்று பேரெடுத்தவள், நல்ல மரங்களைக்கூட வெட்டச் சொன்னாள். அறுத்துப் போட்ட துண்டுகள் உள்ளே பால்போல வெளுத்திருப்பதைக் கயிற்றுக்காரர் பார்ப்பார், பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுவார். வீட்டில் குழம்பில் உப்பு கூடிவிட்டால்கூட அவள் தப்பு என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லையே நாக்கிலிருந்து எடுத்துவிட்டாள். மழை பெய்கிற நாட்களில் தங்கை வீட்டுத் தெருமுனையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். மரம் அந்தச் சாய்விலும் சாயங்காலமானால் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கும். அவளுக்குத்தான் தூக்கமில்லை.

ஏழாவது வருடம் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மயக்கம் தெளியும்போது சிலர் என்னென்னவோ உளறுவார்கள், அதையெல்லாம் நாங்கள் கண்டுகொள்வதில்லை என்று சிரித்தார். கொட்டாப்புளியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருடமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்தது, மயக்கத்தில் முதலில் அதுதானே வரும்? வருகிற நேரம் தங்கை காலர் தைத்துக்கொண்டிருப்பாள். கட்டியை எடுக்காமல் விட்டாலும் ஒரு நாள் சாகத்தான் வேண்டும், செத்தபின் மரம் யாரைக் கேட்கும்? அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போய், மரத்துக்குக் கீழே குனிந்து, ஏழு வருடத்தில் முதல்முறையாக உள்ளே நுழைந்தாள்.

முன்னறை பகலிலும் பச்சையாக இருட்டியிருந்தது. சுவரெல்லாம் ஆணியடித்து ஊரார் துணி தொங்கியது. மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, தங்கையின் முழங்கால் தன் முழங்காலில் இடிக்கும்படி அவள் உட்கார்ந்தாள். விழுந்தால் இரண்டு பேர் மேலும் விழட்டும்.

"மழை ஈரத்துலதான் தட்டினேன். தண்ணி நிறைஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். காளானையும் பார்த்தேன். நீ எனக்குச் சொல்லித்தர்றதான்னு ஒரு வீம்பு. தப்புடி. என் தப்பு."

மேலே மரம் அடிவயிற்றிலிருந்து முனகியது. நடு உத்தரம் விரிந்தது, ஓடு ஒன்று உள்ளே விழுந்து மெஷின் சக்கரத்தில் பட்டு உடைந்தது. கொட்டாப்புளியக்கா தங்கையின் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். தங்கை திமிறி எழுந்தாள். அடுப்பில் பால் பொங்கும்போது அதட்டுகிற குரலில், கூரையைப் பார்த்து, "இரு. இதெல்லாம் அடுத்தவங்க துணி," என்றாள்.

மரம் இருந்தது. நடுங்கிக்கொண்டு, தூசியைக் கொட்டிக்கொண்டு இருந்தது. தையல்காரி ஆணி ஆணியாகத் துணிகளை எடுத்து அக்காவின் தோளில் போட்டாள். இருவரும் எதிர்ச்சாரிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டுக்கு வந்து வாயைப் பிளந்து நின்ற தங்கை கணவர் கையில் குவித்துவிட்டு, மறுபடி உள்ளே போனார்கள். ஊசி நூல் டப்பா, அளவு நாடா, கரி இஸ்திரிப் பெட்டி. கடைசியில் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். நிலைப்படியில் இடித்தபோது தங்கை, "மெதுவா, மெதுவா," என்றாள். அது அக்காவுக்கா மரத்துக்கா என்று தெரியவில்லை. பிறகு திரும்பிப்போய்க் கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். தெருவைக் கடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ம். இனி உன் இஷ்டம்," என்றாள்.

மரம் வீட்டின் மேல் விழுந்தது. சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. தூசி படிந்த முகத்தோடு கொட்டாப்புளியக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷமும் நீதான் பிடிச்சிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டாள். ஏழு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததை நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"யாருக்குத் தெரியும்," என்றாள் தங்கை. "நீ விட்டுட்டே. யாராவது பிடிச்சிக்கிட்டாகணும் இல்ல?"

கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளியும்போது அவள் மெதுவா, மெதுவா என்று மட்டும் உளறியதாக நர்ஸ் சொன்னாள். நகராட்சியிலிருந்து விழுந்த மரங்கள் பிரிவுக்காரர்கள் இரண்டே நாளில் வந்தார்கள். கயிற்றுக்காரர் அடிமரத்தை அறுத்துப் பார்த்தபோது பொந்தைச் சுற்றிய சுவர் இரண்டு விரல் கனம்தான் இருந்தது. தங்கை அதே இடத்தில் தாழ்வாரம் வைத்து வேறு வீடு கட்டினாள், கணவர் ரேடியோவோடு திரும்பி வந்தார். கயிற்றுக்காரர் அன்றைக்கு அறுத்த கிளை மட்டும் இறங்கவே இல்லை. அடிமரம் போனபின்னும் அது அந்தரத்தில் இலையும் பூவுமாக நிற்கிறது, சாயங்காலம் இலையை மடக்கித் தூங்குகிறது. தையல்காரி தன் மெஷினை அதன் நிழல் விழுகிற பக்கமாகப் போட்டிருக்கிறாள். கொட்டாப்புளியக்கா வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டு ஒரு வாரம் வெயில் காய்ந்த பிறகு வந்து, ஏணி போட்டு ஏறி அதைத் தட்டிக் கேட்கிறாள். இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று தெருவில் யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா. தங்கச்சியைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு இறங்குகிறாள்.